வத்தலக்குண்டு வெயிலில் செட்டிங்ஸ் அண்ணன்

மே 12, ஞாயிறு. வெந்நீர் போட்டேன். பால் வாங்கினேன். ஈரம் போகாத துணிகளைத் திருப்பிப் போட்டேன். பிறகு மடியில் ஒரு மானிட்டரை வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். காரணம், செட்டிங்ஸ் அண்ணன். பழனி மலைத்தொடரில் அழகைக் கண்டு எரிச்சல்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

பெருமாள்மலையில் என் வீட்டுக்குக் கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். சாயங்காலமானால் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அதில் நிழல், புல், தண்ணீரில் மினுங்கும் வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். படம் எவ்வளவு மொட்டையாகிறதோ அவ்வளவு வேகமாக ஓடுமாம். எதிரியை முதலில் பார்ப்பவன்தான் பிழைப்பானாம்.

“பூவு எதுக்குங்க? பூவா வந்து சுடப்போகுது?”

கடையையும் அப்படியே ஆக்கினார். காலண்டர் போயிற்று. சாமி படத்துச் சீரியல் பல்பும் போயிற்று. வியூ பாயின்ட்டுக்கு வழி கேட்ட சுற்றுலாக் குடும்பத்திடம், “அங்க வெறும் பனிதாங்க கெடக்கு. ஆஃப் பண்ண வழியில்ல” என்றார்.

ஜன்னலைத் திறந்துபோட்டு, குளிர்காற்றில் கம்ப்யூட்டர்களைக் குளிரவைத்தே வேகத்தை ஏற்றினார். அவருடைய அணியில் இன்னும் இருவர்: வில்பட்டியிலிருந்து ஒரு கேரட் விவசாயி, ஒரு டாக்சி டிரைவர். இருவரும் குரங்குக் குல்லாவோடு நடுங்கிக்கொண்டே சுடுவார்கள். மூன்று கம்ப்யூட்டரிலும் அண்ணன் வைத்ததுதான் செட்டிங்.

போன முறை வத்தலக்குண்டு அணியிடம் தோற்றதும் டிரைவர் பொறுமை இழந்தார்.

“அண்ணே, இந்தத் தடவையும் தோத்தா அவனவன் செட்டிங்க அவனவனே வச்சுக்கிருவோம்.”

அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் தகரக் கொட்டகையில். அவரவர் கம்ப்யூட்டரை அவரவரே கொண்டுவர வேண்டும். நுழைந்ததும் எனக்கு வியர்த்தது. சற்று நேரத்தில் கம்ப்யூட்டர்களுக்கு மூச்சு வாங்கியது. மலைக்குளிரில் ஏற்றிய வேகத்தைச் சித்திரை வெயிலில் அவை தாங்கவில்லை. சூடேறி, படம் விட்டு விட்டு நகர்ந்தது. எதிரி கதவருகே தெரிந்தான். அடுத்த படம் வந்தபோது வில்பட்டிக்காரர் செத்திருந்தார்.

“என்னண்ணே, கல்யாண ஆல்பம் பொரட்டுற மாதிரி வருது!” என்றார் டிரைவர்.

“வெரசா விசிறுங்க!” என்று அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினார். கம்ப்யூட்டருக்கு அட்டையால் விசிறினேன்.

எதிரணித் தலைவர் எட்டிப் பார்த்தார். “ஏலே மலைக்காரா, வேகத்துக்கு லிமிட் போடுய்யா. நாங்க வெயில் காலத்துல பாதிக்கு மேல விடுறதே இல்ல.”

“லிமிட் போட்டு செயிக்கிறதுக்கு வீட்ல உக்காந்து தாயம் ஆடலாம்” என்றார் அண்ணன். லிமிட் போடவில்லை. தோற்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் முதலில் வாயைத் திறந்தவர் டிரைவர். “நான் நெழலு போடப்போறேண்ணே. புல்லும்.”

“எனக்குப் பூவும் வேணும்” என்றார் வில்பட்டிக்காரர்.

அண்ணன் முதல் முறையாக ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிடித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை, வெந்நீர்கூடப் போடாமல் முதல் வேலையாகக் கீழே இறங்கி, ஒரு பழுதும் இல்லாத என் செல்போனை அவர் மேஜையில் வைத்தேன்.

“கொஞ்சம் மெதுவா ஓடுற மாதிரி இருக்குங்க. எதையாச்சும் அணைச்சு விடுங்க” என்றேன்.