உங்கள் வம்சத்துக் கொக்கி

மரியாதைக்குரிய அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி எழுதுவது. ஆண்டவன் கருணையில் நாங்கள் மூவரும் எழுந்து நடமாடுகிறோம். அங்கும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

கல்லூரியில் சேர மகளுக்கு ரத்தம் எடுத்ததில் கொலஸ்ட்ரால் முந்நூற்றுப் பத்து வந்தது, பிள்ளையோ ஈர்க்குச்சி, ஏதோ தப்பு என்று மறுபடி எடுத்தால் முந்நூற்றுப் பதினான்கு, உடனே டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார்: கல்லீரல் செல்லின் மேல் ஏற்பி என்றொரு புரதம் கொக்கி மாதிரி நிற்குமாம், ரத்தத்தில் போகும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு மறுபடி வாசலுக்கு வந்து நிற்குமாம், மருமகள்களைப் போல அதற்கும் ஓய்வே இல்லை. மகளுக்கு அதில் பாதி வேலை செய்யவில்லை. விட்டுவைத்தால் சின்ன வயதிலேயே மாரடைப்பு வருமாம்.

"சாப்பாட்டால வந்ததில்லம்மா. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேருந்து வந்திருக்கணும். ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தோம். எனக்கு எதற்கு என்றுதான் புரியவில்லை. பதினோரு வருஷமாக இந்த வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று நோட்டில் எழுதி வருகிறேன். என் பக்கத்தில் வாரம் இரண்டு விரதம், உங்கள் தம்பி பக்கத்தில் பொரித்தது, வறுத்தது, 'சும்மா ருசி பார்த்தது'. மூன்று நாளாக அவருக்கு வேகவைத்தது மட்டும்தான்.

"நான் என்னடி தப்பு பண்ணேன்?"

"நீங்க பண்ணல. உங்க வம்சம்."

"ரிசல்ட்டே வரல, அதுக்குள்ள தண்டனையா?"

உங்கள் பெரியப்பா எழுபத்தொன்பது வயதில் மாரடைப்பில் போனபோதே எனக்குச் சந்தேகம். எங்கள் பக்கம் அதெல்லாம் கிடையாது. என் அப்பா நாற்பத்தாறு வயதில், பிரார்த்தனையில் உட்கார்ந்தபடியே, ஒரு நோய்நொடி இல்லாமல் நிம்மதியாகப் போனார். ஆகவே உங்கள் வம்சத்தில் எல்லோரும் தாமதிக்காமல் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். குறையாகச் சொல்லவில்லை.

அத்தனை பேரும் நூறு வயது இருக்க வேண்டிக்கொள்ளும்,
தம்பி மனைவி.

பி.கு.: உறையை ஒட்டுமுன் ரிசல்ட் வந்தது. உங்கள் தம்பிக்கு நூற்று அறுபத்தெட்டு. எனக்கு முந்நூற்று இருபது. 'உங்கள் வம்சம்' என்று வரும் இடத்திலெல்லாம் 'எங்கள் வம்சம்' என்று வாசித்துக்கொள்ளவும். எனக்கும் மகளுக்கும் இன்றே மாத்திரை ஆரம்பம். உங்கள் தம்பி என் எதிரில் உட்கார்ந்து பொரித்ததைச் சாப்பிட்டுவிட்டு, நோட்டில் அவரே எழுதி வைத்தார். என் அண்ணனுக்கு அடுத்த மாதம் நாற்பத்தாறு. அவனுக்குக் கடிதம் போடவில்லை. போன் பண்ணிவிட்டேன்.