இருபத்தேழு சிரிப்பும் நாலு கோபமும்

"திங்கள் அழுகை, செவ்வாய் அழுகை, புதன் அழுகை, வியாழன் அழுகை, நேத்தும் அழுகை" என்று ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினார் சந்திரா மிஸ். "உங்க பொண்ணு சார்ட்டுதான் சார் இது."

சைமன்ராஜ் பார்த்தான். நைட் ஷிப்ட் முடித்து மைன்ஸிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தான். கையில் ஹெல்மெட், தோளில் சாப்பாட்டுப் பை, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. மிஸ் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"டூட்டி முடிச்சு வர்றேன் மிஸ். தூங்கல. வேற ஒண்ணும் இல்ல."

"நான் ஒண்ணும் சொல்லலியே சார்."

அது 2016 ஜூலை. குழந்தைகளின் மனநலத்தைக் கவனிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து, மூன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு சார்ட் கொடுத்திருந்தார்கள். மாதத்தின் எல்லா நாளுக்கும் ஒவ்வொரு கட்டம். கூடவே ஒரு கட்டு ஸ்டிக்கர், அதில் நான்கு வகை முகங்கள்: சிரிப்பு, அழுகை, கோபம், எதுவுமில்லாத சாதா முகம். பிள்ளை தினமும் வீட்டில் ஒரு முகத்தை ஒட்டிக்கொண்டு வர வேண்டும். சார்ட்டின் அடியில் பெற்றோருக்குச் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: "ஏன் இந்த முகம் என்று குழந்தையிடம் கேட்கக் கூடாது. அன்பாக நடந்துகொண்டாலே முகம் மாறும்."

பதினைந்து வருடம் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றவனுக்குச் சிவப்பு எழுத்து என்றால் மரியாதை உண்டு. தொடாதே என்று எழுதியிருந்தால் தொடமாட்டான். கேட்காதே என்று எழுதியிருந்தால் கேட்கமாட்டான். இந்த நல்ல குணம்தான் அவனைக் கெடுத்தது.

"முன்னே ஆசையா செஞ்ச எதையாவது இப்ப விட்டுட்டாளா?" என்று மிஸ் கேட்டார்.

சைமன்ராஜ் யோசித்தான். சமையலறைக் கதவில் ஒரு காலண்டர் தொங்கும். மாதம் பிறந்தால் அதில் அப்பாவின் ஷிப்டுக்குத் தகுந்தபடி கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு கலர் அடித்துவைப்பது சோபியாவின் வேலை. அதைப் பார்த்துத்தான் அவன் மனைவி அன்னமேரி உலை வைப்பாள்.

"காலண்டருக்குக் கலர் அடிக்கும் மிஸ். இந்த மாசம் அடிக்கல."

மிஸ் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "அதுவும் ஒரு அறிகுறிதான் சார்."

அறிகுறி என்ற சொல் காதில் விழுந்ததும் சைமன்ராஜுக்கு இருந்த தூக்கமெல்லாம் போய்விட்டது.

குவார்ட்டர்ஸுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். அன்னமேரி நம்பவில்லை.

"யாரு, சோபியாவா அழுவுது? நேத்து நாலு தோசை துன்னுச்சு. ராத்திரி பூரா என்மேல காலைத் தூக்கிப் போட்டுகினு தூங்குச்சு. அழுவுற புள்ள நாலு தோசை துன்னுமா?"

"உள்ளுக்குள்ள அழுவுதுடி."

"இருங்க, கூப்ட்டே கேட்டுர்றேன். சோபியா!"

சைமன்ராஜ் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். "கேக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு!"

"என்னம்மா?" என்று வந்த சோபியா, அப்பா அம்மாவின் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

படுத்தும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் வீட்டில் பேசக் கூடாது, டிவி போடக் கூடாது, அப்பா தூங்குகிறார். எட்டு வயசுப் பிள்ளை எத்தனை நாளைக்குத்தான் பூனை நடை நடக்கும்? அதுதான் அழுகிறது என்று முடிவு கட்டினான். கூட வேலை பார்க்கும் பரமசிவத்திடம் கெஞ்சி, அடுத்த வாரத்துக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டை வாங்கிக்கொண்டான்.

"பதிலுக்கு நான் கேக்கும்போது என் செகண்ட் ஷிப்டை நீ பாக்கணும்" என்றான் பரமசிவம்.

"எத்தினி நாளு வேணும்னாலும் பாக்குறேன்டா."

அந்த வாரம் விடிகாலை நாலரைக்கு எழுந்து ஓடினான். இரண்டரைக்கு வீடு, நாலு மணிக்குப் பள்ளி வாசல், அப்புறம் பூங்கா, வேர்க்கடலை, ஊஞ்சல். எட்டு மணிக்குக் கதை சொல்ல ஆரம்பித்து, ராஜா காட்டுக்குள் நுழைவதற்குள் குறட்டை விட்டான். மீதிக் கதையைச் சோபியாவே சொல்லி முடித்து, அவனுக்குப் போர்த்திவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் மிஸ் மறுபடி கூப்பிட்டார்.

"அழுகை நின்னுடுச்சு சார்."

"அப்பாடா!"

"அவசரப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை கோபம். அப்புறம் அஞ்சு நாளும் சாதா முகம். எனக்கு இதுதான் பயமா இருக்கு. அழற பிள்ளைக்காவது உணர்ச்சின்னு ஒண்ணு இருக்கு. இதுல ஒண்ணுமே இல்ல பாருங்க."

பார்த்தான். இரண்டு புள்ளி, ஒரு கோடு. அந்தச் சாதா முகம் அவனை முறைப்பது போலிருந்தது.

மாலையில் நாலு மணி நேரம் போதவில்லை போலும் என்று நினைத்து, திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் லீவு போட்டான். காலையில் ஜடை பின்னுவதிலிருந்து இரவு கொசுவலை கட்டுவது வரை எல்லாம் அவனே. இடது ஜடை காதுக்கு மேலேயும் வலது ஜடை கழுத்துக்குக் கீழேயும் தொங்க, சோபியா மூன்று நாளும் அப்படியே பள்ளிக்கூடம் போனாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உள்ளே எவ்வளவு அடக்கிவைத்திருக்கிறதோ என்று அவனுக்குத்தான் அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலையில் மிஸ் போன் செய்தார்.

"மூணு நாளும் கோபம் சார். அதுக்கு முந்தின ஞாயிறும் சேத்தா நாலு. என்ன பண்ணீங்க?"

"கூடவே இருந்தேன் மிஸ்."

"கூடவேன்னா?"

"ஜடைகூட நாந்தான் பின்னினேன்."

"அது நீங்கதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மிஸ் போனை வைத்தார்.

அன்றைக்கே பரமசிவம் கைம்மாறு கேட்டு வந்து நின்றான். முத்தாண்டிக்குப்பத்தில் மச்சினன் வீட்டுக் கல்யாணம், மாத முடிவு வரை தன்னுடைய செகண்ட் ஷிப்டைப் பார்க்க வேண்டும் என்றான். வாய் கொடுத்தாகிவிட்டது, மறுக்க முடியவில்லை.

செகண்ட் ஷிப்ட் என்றால் மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. அவன் வீடு வரும்போது சோபியா தூங்கியிருப்பாள். அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அப்பனும் மகளும் ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துக்கொள்ள முடியும். இந்த நேரத்தில் போய்ப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டோமே என்று பெல்ட் பக்கத்தில் நின்று புலம்பினான்.

முப்பதாம் தேதி காலை மிஸ் வரச் சொல்லிப் போன் செய்தார். அவன் போனபோது பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், எட்டு சிரிப்பு! நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் கோபம். மத்தபடி போன வாரம் வியாழக்கிழமையிலேர்ந்து நேத்து வரைக்கும் வரிசையா சிரிப்பு! அப்படி என்னதான் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க மிஸ். நான் வீட்லயே இல்ல."

"அப்ப அதையே தொடர்ந்து பண்ணுங்க" என்றார் மிஸ் உற்சாகமாக. சொன்னது என்னவென்று அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

சைமன்ராஜ் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டான். பகலெல்லாம் வீட்டில் தூங்கினால் அழுகை. சாயங்காலம் மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை. நாள் பூரா இருந்தால் கோபம். கண்ணிலேயே படாவிட்டால் சிரிப்பு. எத்தனை முறை போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. பெற்ற மகளுக்குத் தான்தான் தொல்லை. ஆனாலும் பிள்ளை சிரித்தால் போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மைன்ஸுக்குப் போனான்.

ஷிப்ட் போடுகிற கண்ணையன் மனுவை இரண்டு தடவை படித்தார்.

"பர்மனென்டா செகண்ட் ஷிப்டா? என் சர்வீஸ்ல இதைக் கேட்டு வந்த மொத ஆளு நீதாம்ப்பா. வூட்ல சண்டையா?"

"இல்லண்ணே. வூட்டு நிம்மதிக்குத்தான்."

"ஒரு வருசத்துக்கு மாத்த முடியாது. அப்புறம் வந்து காலைப் புடிக்கக் கூடாது."

"புடிக்க மாட்டேண்ணே."

அவன் மனசு மாறுவதற்குள் கண்ணையன் கையெழுத்துப் போட்டு, சீலையும் குத்திவிட்டார்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பள்ளியில் புதுச் சார்ட் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவன் கண் விழித்தபோது சோபியா பள்ளிக்குப் போய்விட்டிருந்தாள். அன்னமேரி காபியைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள்.

"நேத்து சாயங்காலம் அதுகிட்ட சொல்லிட்டேன், இனிமே அப்பாவுக்கு எப்பவும் செகண்ட் ஷிப்டுதான்னு."

"என்ன சொல்லுச்சு?"

"எல்லா நாளுமான்னு ரெண்டு வாட்டி கேட்டுது. ஆமான்னேன். அந்த மூஞ்சிங்களை எடுத்துகினு போயி உக்காந்து, மாசம் பூராத்துக்கும் ஒரேயடியா ஒட்டிட்டுப் படுத்துகிச்சு. சாப்புடக்கூட இல்ல."

"என்ன மூஞ்சி?"

"சிரிக்கிற மூஞ்சிதான்" என்றாள் அன்னமேரி, அவன் முகத்தைப் பார்க்காமல். "நான் கேட்டே தீருவேன்னேன். நீங்கதான் வுடல."

சைமன்ராஜ் காபியைக் குடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனான்.

மிஸ் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார். சார்ட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"போன மாசம் இந்தப் பிள்ளை இருந்த நிலைமை எனக்குத்தான் தெரியும். இப்ப பாருங்க, இருபத்தேழு சிரிப்பு! இன்னும் வராத நாளுக்கெல்லாம் இப்பவே ஒட்டிட்டா. எவ்வளவு நம்பிக்கை! எல்லாம் சோபியா அப்பாவோட முயற்சி."

பெற்றோர்கள் கை தட்டினார்கள். சைமன்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மிஸ் குரலைத் தாழ்த்தினார். "நாலே நாலு கோபம் இருக்கு சார். நாலும் ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு நீங்க வீட்ல இருப்பீங்களோ?"

"ஆமாங்க மிஸ். வாராந்திர லீவு."

"பரவால்ல. அதுக்கும் ஒரு வழி பாருங்க."

"ஓவர்டைம் கேட்டுப் பாக்குறேன் மிஸ்" என்றான்.

சோபியா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். இருபத்தேழு சிரிப்பு ஒட்டிய பிள்ளையின் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அவன் சட்டை நுனியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் குனிந்து என்னம்மா என்று கேட்கப் போனான். சார்ட்டின் அடியில் இருந்த சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டான்.

பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வரும் இசைப்பிரியா, சோபியாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள், மிஸ்ஸின் கைக்குக் கீழே தலையை விட்டுப் புதுச் சார்ட்டை எட்டிப் பார்த்தாள். ஒன்றாம் தேதியிலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் விரலை ஓட்டிக்கொண்டே போனவள், திடுக்கிட்டுச் சோபியாவிடம் திரும்பினாள்.

"அய்யய்யோ சோபியா, மாசம் பூரா உங்கப்பாவுக்கு செகண்ட் ஷிப்டா போட்டுட்டாங்க?"