எகிப்தை ரிஜக்ட் செய்தவர்

எகிப்தைத் தரமில்லை என்று தள்ளிய ஒரே மனிதர் எங்கள் லேஅவுட்டில், பாகலூர் சாலையோரம் மூன்றாவது குறுக்குத் தெருவில்தான் குடியிருந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நாற்பத்திரண்டு வீடுகளில் ஒருவருக்கும் அது தெரியாது. எங்களுக்கு அவர் ரிஜக்ட் சார்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றுச் சால்வையோடு வீடு திரும்புவார்கள். இவர் கட்டுக் கட்டாகச் சிவப்புச் சீட்டோடு வந்தார். தேறாத உதிரிபாகத்தில் நூல் கோத்துக் கட்டுகிற சீட்டு. பால்காரரின் கேன், கோயில் ஒலிபெருக்கி என்று கண்டதிலெல்லாம் தொங்கவிட்டார். என் கேட்டில் மட்டும் மூன்று. நான்தான் எண்ணினேன். இந்தத் தெருவில் வேறு யார் எண்ணப் போகிறார்கள்?

பூங்கா என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் இடத்தில் நான்கு சிமென்ட் பெஞ்சுகள், அவற்றில் இரண்டு உடைந்தவை. மாலையில் அங்கே உட்கார்ந்து பழைய நாகரிகங்களைப் பரிசோதிப்பார். கையில் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள். எழுத்து உண்டா, எடைக்கல் ஒரே அளவா, தானியக் கிடங்கு உண்டா, சாக்கடை ஓடுகிறதா என்று போகும்.

“எகிப்தா? செத்த ராஜாவுக்கு மலை மாதிரி வீடு, கட்டினவனுக்கு மண் குடிசை. ரிஜக்ட்!”

“சிந்துவெளி?”

“சாக்கடை ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆனா எழுத்தப் படிக்க முடியலையே. படிக்க முடியாத டாக்குமென்ட்ல எவன் சார் கையெழுத்துப் போடுவான்? ஹோல்ட்ல வைங்க.”

“நம்ம லேஅவுட்டு?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“பதினேழு வீடு தாண்டி உங்க கேட்டு முன்னாடி நின்னு போற சாக்கடைய வெச்சிகிட்டு, கேக்கறீங்க பாருங்க கேள்வி!”

மூன்றாவது சீட்டு அன்று கட்டியதுதான்.

அந்தச் சமயத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவரான டைல்ஸ் கடைக்காரருக்கு நுழைவாயிலில் வளைவு கட்டும் ஆசை வந்தது. ‘ஐயாயிரம் ஆண்டு நாகரிகம் உங்களை வரவேற்கிறது’ என்று எழுதுவதாம். கமிட்டியில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். சாக்கடை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தூண் வரவேண்டிய இடத்தில் மார்பளவு உயரத்தில் ஒரு பழைய நடுகல் நின்றது. அதில் ஒருவன் புலியைக் குத்துகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு மாடு. அதை உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிடத் தீர்மானித்தார்கள்.

“நாளைக்கு எவனாவது வந்து நாகரிகச் சின்னம்னு கேஸ் போட்டா?” என்று ஒருவர் பயந்தார்.

“ரிஜக்ட் சார் சீட்டு கட்டட்டும். அவரு இதுவரைக்கும் எதத்தான் ஒத்துக்கிட்டாரு?” என்றார் தலைவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜேசிபி வந்தது. ரிஜக்ட் சாரும் தாளோடு வந்தார். கல்லைச் சுற்றினார். எழுத்து இல்லை. எடைக்கல் இல்லை. கிடங்கு இல்லை. சாக்கடை இல்லை. ஒன்பதுக்கு ஒன்பதும் இல்லை.

“அப்புறம் என்ன சார், கட்டுங்க சீட்ட” என்றார் தலைவர். எஞ்சின் உறுமியது.

ரிஜக்ட் சார் நகரவில்லை. “இந்த ஆளு யாரு? ராஜாவா?”

“ராஜாவாவது! மாடு மேய்க்கறவன் சார். புலி அடிச்சி செத்திருப்பான்.”

“அவனுக்கா கல்லு வெச்சாங்க?”

அப்புறம் அவர் கல்லைப் பார்த்தே பேசினார். “எங்க ஃபேக்டரி பிரஸ் ஷாப்ல, தகடு அடிக்கற மெஷின்ல மாட்டி ஒரு பையன் செத்தான். மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கே அதே மெஷின்ல வேற ஆளு. செத்தவன் பேரு இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல. அந்த மெஷினுக்கு ஓகேன்னு பச்சை சீட்டு கட்டினவன் நான்.”

சட்டைப் பையிலிருந்து, ஓரம் நைந்த பச்சைச் சீட்டு ஒன்றை எடுத்தார். அவரிடம் பச்சை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைக் கல்லில் கட்டிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“ஒன்பதுக்கு ஜீரோ சார்!” என்று தலைவர் கத்தினார்.

“தாள்தான் சார் தப்பு” என்று ஒன்பது கேள்விகளின் மேல் ஒரு சிவப்புச் சீட்டைக் குத்தினார்.

“ஏனு சார் இது?” என்று கன்னடத்தில் கேட்டபடி இறங்கி வந்த ஜேசிபி டிரைவர், கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். அதோடு முடிந்தது.

வளைவு பத்தடி தள்ளி எழுந்தது, இரண்டு எழுத்துப் பிழைகளுடன். சாக்கடை இன்னும் என் கேட்டருகேதான் நிற்கிறது. ரிஜக்ட் சார் போன வருடம் புனேவுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே என்னென்ன தேறவில்லையோ.

அவர் கட்டிய மூன்று சிவப்புச் சீட்டுகளில் இரண்டை மழை கொண்டுபோய்விட்டது. மூன்றாவதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கேட்டில் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன்.