முகமூடிக்கு என் மீசை பந்தயம்

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஒரு வாக்குவாதத்திலாவது என் மனைவியை ஜெயித்துவிடுவது என்று அந்த மே மாதம் தீர்மானம் செய்தேன். இடம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். குஸ்தி! ஃப்ளோரன்ஸுக்குத் தையல் மிஷின் தெரியும், மீன் தெரியும், என் சம்பளத் தேதி தெரியும். குஸ்தி தெரியாது.

எனக்கோ அது தலைகீழ்ப் பாடம். ராயபுரத்தில் வருஷத்துக்கு நாலு முறை நடக்கும் பெரிய குஸ்தியை ஒன்பது வருஷமாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மிகக் குறுகிய குஸ்தி பதினொரு விநாடி. கரடி கோவிந்து ஜனங்களுக்குக் கும்பிடு போடக் குனிந்தார், எதிராளி அப்படியே உருட்டிவிட்டான். மிக நீண்டது இரண்டு மணி பத்து நிமிஷம். நடுவர் தூங்கிப்போனதால் யார் ஜெயித்தது என்று இன்றுவரை தெரியாது. மிகக் கனமானவர் நூற்றுத் தொண்ணூறு கிலோ. அவர் குதித்த குதியில் மேடைப் பலகை உடைந்து, இரண்டு பேரும் மேடைக்கு அடியிலேயே சண்டையைத் தொடர்ந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான ரெக்கார்டு மெக்ஸிகோ மின்னலுடையது. ஆறு வருஷம், இருபத்து மூன்று குஸ்தி. அவர் முகமூடியை ஒருத்தனும் கழற்றியதில்லை.

குஸ்தி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் இதை அவளிடம் சொன்னேன். மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"அவுக்கவே முடியாதா?"

"முடியாதுமே. பொறக்கும்போதே ஒட்டிகினு வந்தது."

"இன்னிக்கி அவுந்துச்சின்னா?"

"எம் பேர மாத்திக்கிறேன்."

"பேரு வேணாம். மீசைய எடு."

ஹார்பரில் நாலு அருள்நாதன் இருக்கிறார்கள். மீசை அருள்நாதன் நான் ஒருவன்தான். கிரேன் மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்குக்கூட அடையாளம் தெரிகிற மீசை. அது போனால் நான் வெறும் மூக்கு. கஞ்சி குடித்தால் பாதியை அதுதான் குடிக்கிறது என்பது ஃப்ளோரன்ஸின் பழைய புகார்.

"சரி, அவுராங்காட்டி?" என்றேன்.

"நீயே சொல்லு."

"ஒரு மாசம் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"ரெண்டு மாசம் தொறக்கல. போதுமா?"

ரெண்டு மாசம்! அறுபது நாள் நிம்மதி! எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம் பேச்சு மாறக் கூடாதே என்று பக்கத்து வீட்டு அஜீசாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

"யோசிச்சிக்கோண்ணே," என்றாள் அஜீசா.

"குஸ்தில யோசிக்க இன்னாமா கீது?"

சாயங்காலம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிஷம் மின்னல், சூறாவளி சுல்தானைத் தூக்கித் தூக்கிப் போட்டார். நான் மீசையை முறுக்கிக்கொண்டே பக்கத்து ஆளுக்கு ரெக்கார்டு சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாவது நிமிஷம் சுல்தான் பின்னால் போய் மின்னலின் பிடரியில் கை வைத்தான். பட் பட்டென்று ஒரு சத்தம். முகமூடி அவன் கையில் இருந்தது.

உள்ளே இருந்தது மெக்ஸிகோ இல்லை. முன்வழுக்கையும் வியர்வையுமாக, ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நிற்கக்கூடிய ஒரு முகம். ஐயாயிரம் பேர் விசிலடித்தார்கள். பழக்கதோஷம், நான் நோட்டை எடுத்து 'ஆறு வருஷத்தில் முதல் முறை' என்று குறித்துக்கொண்டேன். அப்புறம்தான் மீசை ஞாபகம் வந்தது.

வீட்டு வாசலில் அஜீசா கண்ணாடியோடு நின்றாள். ஃப்ளோரன்ஸ் வெந்நீரும் சவரக்கத்தியுமாக உட்கார்ந்திருந்தாள். யார் ஜெயித்தது என்று இரண்டு பேரும் கேட்கக்கூட இல்லை.

மீசை போயிற்று. நிஜமாகவே அழுகை வந்தது.

"உனக்கு எப்டிமே தெரியும்?"

"குஸ்தி காண்ட்ராக்டர் லூயிஸ் அண்ணன் கீறாரே, ஆறு வருஷமா நம்மகிட்டதான் முகமூடி தெக்கக் குடுக்கறாரு. எப்பவும் பின்னால நாடா வெச்சி இறுக்கிக் கட்டணும்பாரு. இந்த வாட்டி நாடா வேணாம், பிரஸ் பட்டன் போதும், ஒரு இழு இழுத்தா கையோட வந்துரணும்னாரு."

"ஆறு வருஷமா? இந்த வூட்லயா?"

"நீ என்னிக்கி என் தையல பாத்தே? நோட்ட தூக்கிகினு குந்திகினு இருப்பே."

"அப்ப மெக்ஸிகோ மின்னலு?"

"எண்ணூர்ல கருவாட்டு யாவாரம். அளவு குடுக்க வருவாரு. நல்ல மனுஷன். உன் நாற்காலிலதான் குந்துவாரு."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். யாரோ ஒருவன் பாவமாக என்னைப் பார்த்தான்.

"நாளைக்கி இந்த மூஞ்சிய வெச்சிகினு எப்டிமே ஹார்பருக்குப் போவேன்?"

ஃப்ளோரன்ஸ் மிஷின் டிராயரைத் திறந்து, மடித்து வைத்த கறுப்புத் துணி ஒன்றை எடுத்து என் மடியில் போட்டாள்.

"மிச்சத் துணில போன வாரமே உனக்கு ஒண்ணு தெச்சிட்டேன்யா. நாடா வெச்சது. அவுராது, தைரியமா போ."