மச்சானின் இரண்டாவது டர்போ

கெட்டுப்போகாத ஒன்றைப் பழுதுபார்ப்பதில் ஜொகூர் மாநிலக் கூலாய் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்களாக மெஷின் பராமரிப்பு வேலை எனக்கு. எந்த மெஷினாவது லேசாக முனகினால்கூட ஓடிப்போய்ச் சரிசெய்ய வேண்டும். அந்தப் புத்தியை வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, என் மனைவி சாந்தியின் அண்ணன் காரைக் கெடுத்தேன்.

மச்சான் பெயர் குணா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய ஒரே செல்லம், முப்பது வருடத்துக்கு முந்தைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. வளைகுடாவில் இரண்டு வருட வேலை கிடைத்துப் புறப்பட்டபோது சாவியை என்னிடம் கொடுத்தார். வாரம் ஒரு தடவை ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்றார். (கடைசிப் பகுதி என் காதில் விழவே இல்லை.)

அந்த இன்ஜினில் இரண்டு டர்போ. புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான் அது. முதலாவது சீக்கிரமே வேலையைத் தொடங்கிவிடும். வேகம் ஏறிய பிறகுதான் இரண்டாவது வந்து சேரும். முதலாவது ஓய்ந்து, இரண்டாவது வருவதற்குள் கண் சிமிட்டும் நேரம் கார் தயங்கும். அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் பாயும்.

மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அந்தத் தயக்கம் நோயாகத் தெரிந்தது. ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் அதே மூச்சுப்பிடிப்பு. பாவம், மச்சான் இத்தனை வருடம் இதைச் சகித்துக்கொண்டாரே என்று எனக்கு உண்மையிலேயே இரக்கம் வந்தது. ஒரு மாதம் வீடியோக்களாகப் பார்த்தேன். இரண்டையும் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒரே டர்போ வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் திரும்பி வரும்போது ஆச்சரியப் பரிசாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

பட்டறைக்காரர் லிம், கார்க்காரருக்குத் தெரியுமா என்று மலாயில் கேட்டார். குடும்பக் கார்தான், எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மீதிக் கோப்பியைக் குடித்து முடித்தார். மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. பப்பாளிப்பழம் அளவுக்கு ஒரு டர்போ, புதுக் குழாய்கள், இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் புது அமைப்பு. கழற்றிய இரண்டையும் என்ன செய்வது என்று கேட்டதற்கு, தூக்கிப் போடச் சொன்னேன். (வள்ளல் பரம்பரை.)

அன்றே ஓட்டிப் பார்த்தேன். கார் கொஞ்சம் சோம்பலாக இருந்தது. புதுசு, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மச்சான் வந்து இறங்கிய நாளில் நானும் சாந்தியும் அந்தக் காரிலேயே செனாய் விமான நிலையம் போனோம். அவர் பெட்டியை வைத்த கையோடு சாவியை வாங்கிக்கொண்டார். நான் பக்கத்து இருக்கையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சாந்தி பின்னால், மடியில் அண்ணனுக்காக உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் டப்பா.

நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது மச்சான் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களை நிதானமாகத் தாண்டிப் போனது. இன்னும் அழுத்தினார். திடீரென்று அவ்வளவு பலமும் மொத்தமாக வந்தது. சாந்தியின் டப்பா திறந்து கறிபாப் முழுவதும் அவள்மேல் கொட்டியது. மச்சான் காலை எடுத்துவிட்டார். மறுபடி மெதுவாக அழுத்தி, எதையோ காது கொடுத்துக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்தார். மூன்று தடவை அப்படிச் செய்தார். பிறகு ஓய்விடத்தில் நிறுத்தி, முன்மூடியைத் திறந்தார்.

"மாப்ள, ரெண்டு இருந்துச்சே?"

"இப்ப ஒண்ணுதான் மச்சான். பெருசு. நடுவுல ஒரு தயக்கம் இருந்துச்சு பாருங்க, அத சரி பண்ணிட்டேன்."

அவர் முன்மூடியை மெதுவாக இறக்கி மூடினார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருஷமா அந்தப் பாலைவனத்துல அந்த ஒரு செகண்டதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன் மாப்ள" என்றார். "இப்ப வரும், இப்ப வரும்னு தோணும்ல, அதுக்காகத்தான் இந்தக் காரயே வாங்குனேன்."

சாந்தி சட்டையிலிருந்து உருளைக்கிழங்கைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாளே லிம்மிடம் ஓடினேன். பழைய இரும்போடு இரண்டும் எப்போதோ போய்விட்டிருந்தன. அதன் பிறகு நாலு மாதம், சனிக்கிழமைதோறும் நானும் மச்சானும் ஜொகூரில் உள்ள பழைய கார் உதிரிபாகக் கிடங்குகளில் ஏறி இறங்கினோம். அவர் ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டவில்லை. வழியில் சாப்பாட்டுக் கடையில் உட்காரும்போது வளைகுடாவில் தனியாகக் கழித்த நாட்களைப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். அதுவரைக்கும் கல்யாண வீட்டில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கும் அளவுக்குத்தான் எங்கள் பழக்கம்.

கடைசியில் குளுவாங் பக்கம் ஒரு கிடங்கில் அதே ஜோடி கிடைத்தது. லிம் பொருத்தினார். இந்த முறை கார்க்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொட்டார். முதல் ஓட்டத்தில் நானும் கூடப் போனேன். வேகம் ஏறியது. கார் தயங்கியது. மச்சான் என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் ஸ்டியரிங்மேல் இருந்த அவர் விரல்கள் லேசாக உயர்ந்து நின்றன. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அத்தனை வாரம் ஆயர் ஈத்தாமுக்கு ஓட்டியவன், அன்றைக்குத்தான் அதை அனுபவித்தேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தால், "யாருக்காவது புடிச்சிருக்கான்னு கேட்டுட்டு தொடுங்க" என்று சாந்தி சொல்லாமல் இருப்பதில்லை. விசேஷங்களில் சொந்தக்காரர்கள் வரைக்கும் அது பரவிவிட்டது. போன மாதம் வாசல் கேட் கிறீச்சிட்டது. எண்ணெய் டப்பாவோடு போனவன், பழக்கத்தில் பதினைந்து வயது மகளிடம் கேட்டேன். அவள் ரொம்ப உருக்கமாக, "இருக்கட்டும்பா, அந்தச் சத்தம் எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். நெகிழ்ந்துபோய் எண்ணெயை உள்ளே வைத்தேன். கேட் சத்தம் கேட்டதும் அவள் கைப்பேசியை ஒளித்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கிறாள் என்பதைச் சாந்தி எனக்குச் சொல்ல இரண்டு வாரம் ஆனது. இன்னும் எண்ணெய் போடவில்லை.