சாமத்தியவீட்டில் அறுந்த விநியோகச் சங்கிலி

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. மூன்றாவதாக இணுவிலில் எங்கள் நிறுவனத்தைக் கண்டது. தோட்டக் கிணற்று மோட்டரைக் கைத்தொலைபேசியால் இயக்கும் ‘அறிவுப் பெட்டி’ செய்கிறோம். நான் அங்கே ஆவண அலுவலர்.

பலகை சீனாவிலிருந்து வரும். மென்பொருளைத் தருவது எங்கள் பணிப்பாளர் கேதீஸ்வரனின் லண்டன் சகலன். கிணற்று நீர்மட்டம் பார்க்கும் சென்சரை அனுப்புவது ரொறன்ரோவில் இருக்கும், பணிப்பாளருடைய மனைவியின் அண்ணன் சோமசேகரம். எல்லாரும் ஒரே திரையில் பச்சை விளக்காக எரிவார்கள். ஓர் அழுத்து அழுத்தினால் ஒன்பது நாளில் பொருள் கையில். விலையும் பாதியாகக் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது.

“பத்துச் சென்சராவது கையிருப்பிலை வைப்பம் சேர்,” என்றாள் ஒரு கூட்டத்தில் களஞ்சியம் பார்க்கும் கஜானி.

“களஞ்சியமெல்லாம் பழங்காலத்து ஆக்களுக்கு, பிள்ளை. எங்களுக்கு உலகமே களஞ்சியம்!” என்றார் பணிப்பாளர்.

கூட்டம் மேசையைத் தட்டியது. நானும்தான்.

அந்த நேரம் பார்த்துப் பணிப்பாளரின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லும் ‘பிற்போக்கை’ ஒழித்து, விநியோகத் திரையிலேயே ஓர் அழுத்தில் எல்லாருக்கும் அழைப்பு அனுப்பினார். சோமசேகரத்துக்கு அது இரண்டு சென்சர் ஓடர்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது.

“நான் தாய்மாமன்! எனக்கு மெசினோ சொல்லுறது?” என்று போனில் கத்தினார். ரொறன்ரோ விளக்கு சிவந்தது; சென்சர் வரத்து நின்றது.

அதே கிழமை, எங்கள் பெட்டி வாங்கிய சண்டிலிப்பாய் பாலேஸ்வரியக்காவின் சென்சர் செத்தது. மோட்டர் அசையவில்லை. கையால் போடலாமே என்பீர்கள். பெட்டியை மோட்டரில் பொருத்திப் பூட்டிய அன்றே பழைய சுவிச்சைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டோம். அது எங்கள் ‘மீளாப் புரட்சி’.

அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“அஞ்சு நாளாத் தண்ணியில்லைத் தம்பி. ஆறு பரப்பு வெங்காயம், தாளெல்லாம் வெளுக்குது. அதுதான் எங்கடை சீவியம்.”

உடனே அவசரக் கூட்டம். மூன்று மணிநேர ஆய்வின் பின் ஏகமனதாகத் தீர்மானித்தோம்: சங்கிலி அறவில்லை, ‘மனவருத்தத்தில்’ உள்ளது. பணிப்பாளர் சோமசேகரத்துக்கு நேரில் போய் அழைப்புச் சொல்லக் கனடா விசாவுக்கு விண்ணப்பிப்பார்.

“விசா வரும்வரைக்கும் வெங்காயம் பொறுக்குமோ? என்ரை பழைய சுவிச்சைத் தாங்கோ, அதுவே காணும்,” என்றார் அக்கா.

பணிப்பாளர் கூரையைப் பார்த்தார். கஜானிக்குப் பொறுக்கவில்லை.

“அது சேரின்ரை வீட்டுக் கிணத்து மோட்டரிலை பூட்டிக் கிடக்கு அக்கா. சேர் தன்ரை மோட்டருக்கு எங்கடை பெட்டி போடேல்லை.”

“அது... இடர் முகாமைத்துவம்,” என்றார் பணிப்பாளர்.

அக்கா மேசையிலிருந்த ஸ்குறூ டிரைவரை எடுத்துக்கொண்டு நேரே பணிப்பாளர் வீட்டுக்குப் போனார். பின்னேரம் சண்டிலிப்பாயில் தண்ணீர் பாய்ந்தது. இரண்டு பரப்பு கருகிவிட்டது, மிச்சம் தப்பியது. மேசை தட்டிய கையை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். “சுவிச்சு களவு போச்செண்டு அறிக்கையிலை எழுதும்.”

பணிவுடன் எழுதினேன்: ‘சுவிச்சு களவு போனது உண்மை. களவு போனது நாங்கள் பெட்டி பூட்டிய அன்று. நேற்று உரியவர் வந்து மீட்டுக்கொண்டார்.’