பன்னீர் சாப்பிட மாட்டேன் என்கிறான்

"உன்னை நம்பித்தான்" என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், உடனே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட வேண்டும். முழு வாக்கியத்தையும் கேட்க நின்றால் தீர்ந்தோம். இந்த ஞானம் எனக்கு வருவதற்கு முன்னால், என் மைத்துனி கவிதா ஒரு கூண்டோடு சித்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, உன்ன நம்பித்தான் உடுறேன். என் நிச்சயதார்த்தம் முடியிற வரைக்கும் பன்னீர வெச்சிக்கோ. அவன் ஒரு தொல்லையும் பண்ணமாட்டான்."

பன்னீர் என்பது ஒரு கினி பிக். வெள்ளைவெளேரென்று இருப்பான். வால் கிடையாது, கழுத்து கிடையாது, நகர ஆரம்பித்தால்தான் முன்பக்கம் எது என்று தெரியும். கவிதா திருப்பதியில் ஒரு ஓட்டலில் வரவேற்பாளராக வேலை பார்த்தபோது அறையில் செல்லமாக வளர்த்தது. குடிபாலாவில் இருக்கும் என் மாமியாரோ, "பெருச்சாளிய ஊட்டுக்குள்ள உடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எனவே பன்னீர் அக்கா வீட்டுக்கு, அதாவது என் தலைக்கு, வந்து சேர்ந்தான்.

நான் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு வாய் வைத்துப் பார்த்தே பழத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சின்னப் பிராணியைச் சாப்பிட வைப்பதா பெரிய காரியம்?

வந்த மறுநாளே பன்னீர் சாப்பாட்டை நிறுத்திவிட்டான்.

முதலில் நான் அதைப் பிரிவுத் துயரம் என்று முடிவு செய்தேன். கவிதாவுக்கு வீடியோ கால் போட்டு அவன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். பிளவுஸ் தைக்கும் கடையிலிருந்து அவள், "செல்லம், இன்னாடா பண்ற" என்று கொஞ்சினாள். பன்னீர் திரையை மோந்து பார்த்தான். மூக்காலேயே ஒரு முட்டு முட்டி அழைப்பைத் துண்டித்தான். (பிரிவுத் துயரமாவது, மண்ணாவது.) அடுத்து, வெயில்தான் காரணம் என்று பக்கத்தில் ஐஸ் பாட்டில் வைத்தேன். பிறகு எங்கள் ஆலையின் முதல்தரக் கூழை ஒரு கிண்ணத்தில் வைத்தேன். அதில் கால் வைத்து நின்றானே தவிர வாய் வைக்கவில்லை. கடைசியாகக் கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். நான் தும்மினேன், பக்கத்து வீட்டுக்காரர் தும்மினார். பன்னீர் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இதற்குள் இன்னொரு வினை நடந்துவிட்டது. மாமியார் போனில் என் மனைவி சுமதியுடன் நிச்சயதார்த்த விருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து, "பன்னீர் வேணவே வேணாங்கிறான், எவ்ளோ சொல்லியும் கேக்கல" என்று புலம்பினேன். மாமியாருக்கு அந்தப் பிராணியின் பெயர் தெரியாது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ என்னிடம் பன்னீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்து, சமையல்காரரைக் கூப்பிட்டு விருந்திலிருந்து பன்னீர் மசாலாவை எடுத்துவிட்டார்.

உண்மையான கோளாறைக் கண்டுபிடித்தவள் சுமதிதான்.

"இன்னாங்க, இவனுக்குப் பசி இல்லாம இல்ல. கொத்தமல்லியண்ட வரான். மோந்து பாக்குறான். வாயில வெக்கிறான். அப்பால கீழ போட்டுட்றான். தாடையெல்லாம் பாரு, ஜொள்ளு ஊத்தி ஈரமா கீது."

தூக்கிப் பார்த்தேன். கையில் பஞ்சு போலிருந்தான். முதுகெலும்பு விரலில் இடறியது. என் விளையாட்டெல்லாம் அதோடு தீர்ந்தது. மறுநாள் நிச்சயதார்த்தம். பன்னீருக்கு ஏதாவது ஆனால் கவிதா மேடையில் அழுவாள், மாப்பிள்ளை வீட்டார் வேறு காரணம் நினைப்பார்கள்.

காய்கறிக் கூடையில் அவனை வைத்து, துண்டால் மூடி, திருப்பதி பஸ் ஏறினேன். கண்டக்டர் துண்டைத் தூக்கிப் பார்த்தார். "ஏன்டி சார் இதி, பந்திகொக்கா?" என்றார். பெருச்சாளியா என்று தெலுங்கில் கேட்கிறார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். திருப்பதி வரை அவர் நின்றுகொண்டே வந்தார். நான் காலை நீட்டி உட்கார்ந்து போனேன்.

கால்நடை மருத்துவரம்மா சின்ன விளக்கை அடித்து அவன் வாய்க்குள் பார்த்தார். "பாபம். ஆகலி லேக்க காது, தினலேக்க" என்றார். பாவம், பசியில்லாமல் இல்லை, சாப்பிட முடியாமல். பிறகு எனக்காகத் தமிழுக்கு வந்தார். இந்தப் பிராணிக்குப் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்குமாம். கடைவாய்ப் பற்கள் நீண்டு சாய்ந்து நாக்கின் மேல் பாலம் போட்டிருக்கின்றனவாம். நாக்கை அசைக்கவே முடியாது.

"புல்லு என்னா குடுக்குறீங்க?"

"புல்லா? பன்னு குடுத்தேன் மேடம். மாம்பழக்கூழ் கூட வெச்சேன். முதல் தரம்."

அவர் விளக்கை அணைத்தார். காய்ந்த புல்லை ஓயாமல் அரைத்தால்தான் இவற்றுக்குப் பல் தேயும் என்றார். கவிதா பிஸ்கட் ஊட்டி வளர்த்திருக்கிறாள், நான் அதற்கு மேல் கூழ் ஊற்றியிருக்கிறேன்.

மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவிச் சரிசெய்தார்கள். கண் விழித்ததும் வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பச்சைப் பொடி ஒன்றும், ஊசியில்லாத சிரிஞ்சும் என் கையில் கொடுத்து மருத்துவரம்மா சொன்னார்: "வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சி, வாய்க்கு ஓரமா கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருங்க. குடல் நிக்கக்கூடாது. அவனா ஒரு இலையக் கடிச்சி முழுங்கிட்டான்னா, தப்பிச்சான்."

நிச்சயதார்த்தமும் திருப்பதியில்தான் என்பதால் நான் ஊர் திரும்பாமல் ஒரு லாட்ஜில் தங்கினேன். காலையில் சுமதி என் பட்டுச் சட்டையுடன் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள். பந்தி அறையை ஒட்டியிருந்த சாமான் அறையில் கூடையை வைத்தோம். நான் சிரிஞ்சும் கையுமாக ஓடி ஓடிப் புகட்டினேன். அவன் பாதி விழுங்குவான், மீதியை என் மேல் துப்புவான். பதினோரு மணிக்கெல்லாம் என் சட்டை மாடு மேய்ந்த இடம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தானாக ஒரு இலையைக்கூட அவன் தொடவில்லை. கவிதா என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தைத் தூக்கிக் கேட்டாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். (பொய்தான். வேற இன்னா பண்றது?)

முதலில் விருந்து, பிறகு நல்ல நேரத்தில் தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு. பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா துரைசாமி முதலில் உட்கார்ந்தார். வரதய்யபாளையத்துக்காரர். மாமரம் போல ஆள். வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவில்லை. எது கேட்டாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு "ம்" என்றார். இப்போது இலையில் எல்லாம் பரிமாறியாகிவிட்டது. வடையை எடுத்தார், வைத்துவிட்டார். சோற்றைத் தொட்டார், கையை எடுத்துவிட்டார்.

"இன்னா சம்பந்தி, ஏதாவது கொறையா?" என்று என் மாமனார் குனிந்து கேட்டார்.

"ம்ஹும்."

"சாப்புடுங்க சம்பந்தி. நீங்க கை வெச்சாத்தான மத்தவங்க சாப்புடுவாங்க."

"ம்."

பந்தியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாமியார் என்னை ஓரமாக இழுத்தார். "பன்னீர் வேணான்னு சொன்னது நீங்கதான மாப்ள. அதக் காணோம்னுதான் கோவமா கீறாரு. போயி நீங்களே நெய் ஊத்துங்க. அவரு சாப்புட்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க."

நெய்க் கிண்ணத்துடன் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் சாமான் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கூடை தெரிந்தது. துண்டு விலகியிருந்தது. பன்னீர் கொத்தமல்லிக் கட்டை நோக்கி மெல்ல நகர்ந்தான். நான் நெய்யை மறந்தேன். மோந்து பார்த்தான். ஒரு இலையைக் கடித்தான். தாடை ஆடியது. இடமும் வலமுமாக, குட்டி மில் ஓடுவது போல ஆடியது. இலை உள்ளே போனது. அடுத்த இலையும் போனது.

அதே நொடியில் துரைசாமி மனதைத் திடப்படுத்திக்கொண்டு சின்னதாக ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்தாராம். நான் அதைக் கவனிக்கவில்லை.

"துன்னுட்டான்!" என்று கத்தினேன். "சுமதி, துன்னுட்டான்!"

பந்தி மொத்தமும் என் பக்கம் திரும்பியது. மூலையில் தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்த சுமதி மட்டும் சந்தோஷமாகத் திரும்பக் கத்தினாள்: "நெஜமாவா? முழுங்கிட்டானா? கீழ போட்டுடல இல்ல?"

துரைசாமி அதிர்ந்து திரும்பினார். வாய் திறந்தது. உள்ளேயிருந்து மேல் வரிசைப் பற்கள் மொத்தமும், ஒரே செட்டாக, சாம்பார் சோற்றின் மேல் வந்து விழுந்தன.

என் மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கார்த்தி தன் அப்பாவின் இலையையும் என் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரு," என்றார் துரைசாமி, பல்லில்லாத குரலில், "துன்னுட்டான்?"

இனி மறைத்துப் பயனில்லை. போய்க் கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். பன்னீர் யாரையும் சட்டை செய்யாமல் மென்றுகொண்டிருந்தான். "இவன்தாங்க. ஒங்கள சொல்லலீங்க. பல்லுல கோளாறு. துன்ன ஆசையா வருவான், வாயில வெப்பான், வலியில கீழ போட்டுடுவான். பாக்குறவங்களுக்கு வேணாங்கிற மாதிரி இருக்கும். நேத்துதான் பல்ல ராவிக்கினு வந்தேன். இப்பதான் மொதல் வாய்."

அவர் பன்னீரையே பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு வளந்து கஷ்டம். எனக்கு விழுந்து கஷ்டம்," என்றார். "போட்டோவுல நல்லா இருக்கட்டும்னு போன வாரம்தான் செட்டு மாட்டிக்கினேன். ஈறெல்லாம் குத்துது. பேசுனா ஆடுது. வாயத் தொறக்கவே பயமா கீதுப்பா. எனக்கு இன்னா கோவம்?"

பற்களை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். கடைசியில், பச்சைக் கறை படிந்த என் சட்டைப் பையில் போட்டார்.

"ரசம் ஊத்தி நல்லா கொழைய பெசஞ்சி போடு மாப்ள. பசி உயிர் போவுது."

நானே பிசைந்து போட்டேன். நெய்யும் ஊற்றினேன். அவர் மூன்று முறை சோறு வாங்கினார். பாயசத்துக்கு இலை போதாமல் கிண்ணம் கேட்டார். விஷயம் தெரிந்து ஓடிவந்த கவிதா பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து பன்னீரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது ஆனந்தம்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் வேறு காரணம் தேடவில்லை. நல்ல நேரம் தவறாமல் தட்டு மாற்றினார்கள். மேடையில் துரைசாமி பல்லில்லாமலேயே வாய் நிறையச் சிரித்தார்.

கவிதா இப்போது வரதய்யபாளையத்தில் இருக்கிறாள். பன்னீருக்குப் புல் அறுத்துக் காய வைப்பது மாமனார் துரைசாமியின் வேலை. வேறு யாரையும் விடமாட்டார். எங்கள் குடும்பத்தில் பந்தி என்று ஒன்று நடந்தால், அவர் முதல் கவளம் வாயில் வைத்ததும் எங்கிருந்தோ ஒரு குரல், "துன்னுட்டான்" என்று மெதுவாக வரும். வராவிட்டால் அவர் இரண்டாவது கவளம் எடுக்க மாட்டார், காத்திருப்பார்.

கவிதாவின் நிச்சயதார்த்த ஆல்பத்தை யார் பார்த்தாலும் ஒரு கேள்வி வரும். குரூப் போட்டோவில் இவர் பையில் என்ன அப்படிப் புடைத்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். பந்தி முடிந்து எடுத்த படம் அது. நான் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறேன். பையில் இருப்பது சம்பந்தியின் பற்கள்.